கீழ்ப்படியும் துவக்கு

துவக்கு யாருக்குக் கட்டுப்பட வேண்டும்? அமெரிக்க மாநில அரசியலமைப்புகள் பலவும் சொல்லும் பதில்: சிவில் அதிகாரத்துக்கு. வேர்ஜீனியா 1776இலேயே தனது உரிமைப் பிரகடனத்தில் இதை எழுதிவைத்தது. ஆர்கன்சாஸின் 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அடிமைமுறையைத் தடைசெய்யும் அதே பிரிவிலேயே, இராணுவம் எக்காலமும் சிவில் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டது என்ற விதியும் இருக்கிறது. மாநிலப் படைக்குத் தலைமைத் தளபதி, வாக்குகளால் தெரிவான ஆளுநர்.

ஆயுதம் வைத்திருந்தவனே சட்டமாக இருந்த காலத்தைக் கண்டவர்கள் நாம். எமக்கு இது போதிய காப்பாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் 1957 செப்ரெம்பரில் ஆர்கன்சாஸின் லிற்றில் றொக் நகரில் நடந்தது வேறு.

வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்த ஒரு பாடசாலையில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர இருந்தார்கள். அமைதி காக்கவென்று கூறி ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ் மாநிலப் படையை அழைத்தார். 4ஆம் திகதி, பதினைந்து வயது எலிசபெத் எக்போர்ட் தனியாக வந்தாள். வெள்ளை மாணவர்களுக்கு வழிவிட்ட சிப்பாய்கள் அவளை மறித்தனர். வெளியே வெறிக்கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

இங்கே எந்தத் தளபதியும் கலகம் செய்யவில்லை. சிவில் அதிகாரம் கட்டளையிட்டது, படை பணிந்தது. விதி நிறைவேறியது, அநீதியும் அந்த விதியின் வழியாகவே நிறைவேறியது.

20ஆம் திகதி சமஷ்டி நீதிமன்றம் ஆளுநரைத் தடுத்தது. 24ஆம் திகதி ஜனாதிபதி ஐசனோவர் சமஷ்டி இராணுவத்தை அனுப்பியதோடு, அதே மாநிலப் படையையும் தன் ஆணையின் கீழ் எடுத்தார். மறித்த படையே காவலுக்கு நிற்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் சரி பிழையைச் சிப்பாயே தீர்மானிக்கலாமா? ஆட்சியைக் கவிழ்க்கும் ஜெனரலும் மனச்சாட்சியைத்தான் துணைக்கு அழைக்கிறான். ஆனால் ஒரு சிறுமியை மறிக்க மறுப்பதும் நாட்டை ஆளப் புறப்படுவதும் ஒன்றல்ல. முன்னையது தன் கையைத் தானே கட்டுப்படுத்துவது; பின்னையது மற்றவர் எல்லோரையும் கட்டுப்படுத்துவது.

வாக்குப்பெட்டியும் போதாது. ஃபோபஸ் 1958இல் மீண்டும் தெரிவானார். பெரும்பான்மையின் ஆளுநர் பெரும்பான்மையின் துவக்கைச் சிறுபான்மையின் முன் நிறுத்தும்போது, அவர் சீருடை அணியாதவர் என்பதில் அந்தச் சிறுமிக்கு என்ன ஆறுதல்?

இராணுவம் சிவில் அதிகாரத்துக்குக் கீழே இருந்தேயாக வேண்டும். அந்தச் சிவில் அதிகாரம் எதற்குக் கீழே இருக்கிறது என்பதையும் நாம் கேட்டேயாக வேண்டும்.