டிக்கெட்டில் புலி சேர்த்தி இல்லை

2013 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் சுற்றித் திரிந்த ஆறு யானைகளை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. வயலில் கரும்பையும் நெல்லையும் ருசி கண்டுவிட்ட யானைகள் அவை. ‘ஆபரேஷன் மலை’ என்று பெயர் வைத்து, பழக்கப்பட்ட கும்கி யானைகளின் துணையோடு லாரியில் ஏற்றி, முதுமலைக்கும் ஆனைமலைக்கும் பிரித்து அனுப்பினார்கள். அங்கே கரால் எனும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கி, முகாம் யானைகளாக ஆக்கினார்கள். விளைச்சலைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

இப்போது அதே மாவட்டத்துப் போளூரிலிருந்து கோடை விடுமுறைக்கு முதுமலை கிளம்பும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். தெப்பக்காடு முகாமில் கட்டணம் கட்டி, யானைகள் கேழ்வரகுக் கவளம் வாங்கித் தின்பதைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசைக்கு எதிரே நிற்கும் யானை அவர்கள் மாவட்டத்து வயலிலிருந்து போனதாகவே இருக்கலாம். வயலுக்கு வந்தால் பிடித்துக்கொண்டு போ, விடுமுறைக்குப் போனால் கொண்டுவந்து காட்டு என்கிற இந்த இரட்டைக் கணக்கைப் போலித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமில்லை. கரும்பை இழந்தவர் வேறு, வேன் பிடித்துப் போகிறவர் வேறு. மாவட்டம் ஒன்று என்பதற்காக இருவர் மனசாட்சியையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. காட்டு விலங்கைப் பார்ப்பதற்குப் பணம் கொடுக்கும்போது, அந்தப் பணத்துக்கு ஈடாக எதை எதிர்பார்க்கலாம்?

பெரும்பாலானவர்களின் பதில் ஒன்றுதான்: புலி தெரிய வேண்டும். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இவ்வளவு செலவு செய்திருக்கிறோம், காட்டாமல் விடுவதா? இந்த எதிர்பார்ப்பு டிரைவரிடம் போகிறது, கைடிடம் போகிறது, கடைசியில் விலங்கின் மேல் போய் விழுகிறது. 2024 டிசம்பர் 31 அன்று மகாராஷ்டிரத்தின் உம்ரேட் கர்ஹண்ட்லா சரணாலயத்தில் நடந்தது அதுதான். ஐந்து குட்டிகளோடு நடந்து போன ஒரு தாய்ப்புலியை இரு பக்கமும் சஃபாரி ஜீப்புகள் மறித்து நின்றன. வீடியோ வெளியானதும் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. டிரைவர்கள் மீதும் கைடுகள் மீதும் நடவடிக்கை வந்தது. பின் இருக்கையில் நின்றபடி “இன்னும் கொஞ்சம் கிட்டே” என்று கேட்டவர்கள் மேல் வரவில்லை.

மறித்து நிற்பதால் புலிக்கு என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் பதில் இருக்கிறது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர் காடுகளில் புலிகளின் எச்சத்தைச் சேகரித்து அதிலுள்ள மன அழுத்த ஹார்மோன் தடயத்தை அளந்தார்கள். 2019இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. சுற்றுலா இல்லாத மழைக்காலத்தைவிட சுற்றுலாப் பருவத்தில் அளவு கூடுதல். வண்டிகள் பெருகப் பெருக அதுவும் ஏறியது. நீடித்த அழுத்தம் இனப்பெருக்கத்தையே பாதிக்கும் என்பது உயிரியலில் பழைய பாடம். வண்டியைப் பார்த்துப் புலி ஓடவில்லை, அதனால் அதற்குப் பழகிவிட்டது என்று சஃபாரிக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது.

அப்படியானால் சஃபாரியே வேண்டாமா? உச்ச நீதிமன்றம் ஒருமுறை அந்த எல்லை வரைக்கும் போனது. 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளோடு தடையை விலக்கிக்கொண்டது. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. முழுத் தடை நிலைக்காததற்குக் காரணம் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் மரக்கடத்தலும் வேட்டையும் சுலபம். போளூரை ஒட்டிய ஜவ்வாது மலையின் சந்தனக்காடுகள் காலியானபோது பார்க்க யாரும் இல்லை. காட்டை ஒருமுறையாவது பார்த்த பிள்ளைதான் பின்னாளில் ஒரு சாலைத் திட்டத்தைக் கேள்வி கேட்கும் என்பதும் வெறும் ஆசை வார்த்தை அல்ல. புலியை மொபைலில் மட்டுமே பார்த்து வளர்கிறவர்களுக்கு அதற்காக வாதாட ஏது காரணம்?

ஆனால் காட்டோரத்தில் வாழ்பவர்களைக் கணக்கில் சேர்க்காமல் இந்த வாதம் முடியாது. 2025 அக்டோபர், நவம்பரில் மைசூர் மாவட்டத்தில் அடுத்தடுத்து விவசாயிகள் புலியிடம் உயிரிழந்தார்கள். கர்நாடக அரசு நவம்பர் 7 அன்று பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்தியது. அதற்கான ஆட்களையும் வண்டிகளையும் புலியைத் தேடும் பணிக்குத் திருப்பியது. சஃபாரி வண்டிகளின் தொல்லைதான் புலிகளை வெளியே விரட்டுகிறது என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு; அதற்குச் சான்று போதாது என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அறிவியல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விவசாயிகளின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் விலங்கு, இன்னொருவருக்கு மாடு மேய்க்கப் போகவே பயப்பட வைக்கும் விலங்கு. ஜவ்வாது மலையின் மறு பக்கத்து அடிவாரமான திருப்பத்தூருக்கும் இது தெரியும். 2024 ஜூனில் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை புகுந்து, ஒருவரைக் காயப்படுத்தி, கார் ஷெட்டில் பதுங்கியது. மறுநாள் விடிவதற்குள் வனத்துறை பிடிக்கும்வரை அங்கே யாரும் அதை ரசிக்கவில்லை.

எனவே சஃபாரியின் நியாயத்தைப் பணம் எங்கே போகிறது என்பதை வைத்தும் அளக்க வேண்டும். ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு 1,500 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். சளி இருமலோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேசியப் பூங்கா வருவாயில் 10 சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது. பணக்காரர்களுக்கு மட்டுமான காடு என்று இதைக் குறை சொல்லலாம்; அது சரியான குறைதான். போளூர் நடுத்தரக் குடும்பம் அந்தக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. விலையை விடுங்கள், விதியை எடுத்துக்கொள்ளலாம்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், யாருக்குப் பங்கு.

நம் ஊரில் அந்த விதி குடும்பத்தின் திட்டமிடலில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. மிகவும் முக்கியமான முடிவு எங்கே தங்குவது என்பது. முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அதில் எழுந்த விடுதிகளை அகற்றச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2021 ஜனவரியில் அதே பகுதியின் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிக்கு அருகே வந்த ஆண் யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். காது கருகி, அந்த மாதமே செத்துப்போனது. காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய இடத்தில், காட்டின் சொந்தக்காரருக்குக் கிடைத்த வரவேற்பு அது. ‘வாசலிலேயே யானை வரும்’ என்று விளம்பரம் செய்யும் அறையை முன்பதிவு செய்யும்போது, அந்த வாசல் யாருடைய பாதையில் வைக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும். அந்த விடுதிகளில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களின் பிழைப்புக் கேள்வி உண்மையானது. அதற்குப் பதில் அவர்களுக்கு வேறு வேலை தருவது, யானையின் வழியை அடைப்பதல்ல.

இரவு சஃபாரி என்று காதோடு சொல்லி அழைத்துப் போகும் தனியார் ஜீப்புகள் இன்னொரு கேடு. அவை சட்டத்துக்குப் புறம்பானவை. இருட்டில் முகத்தில் ஸ்பாட் லைட் அடித்தால் மானுக்குச் சில நிமிடம் கண் தெரியாது. காட்டில் அந்தச் சில நிமிடம் உயிர் போகப் போதும். இதைப் பிள்ளைகள் முன்னால் பேரம் பேசி ஏற்பாடு செய்யும் பெற்றோர், என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று யோசிப்பதில்லை. தெப்பக்காட்டில் வனத்துறையே வேனில் அழைத்துப் போகிறது. அதில் புலி தெரிய வாய்ப்பு குறைவு. மயில், புள்ளிமான், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருமையோடு திரும்ப நேரும். அது ஏமாற்றம் அல்ல. காட்டின் வழக்கமான நாள் அப்படித்தான் இருக்கும். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுக்கப் புலிகள் 306தான். ஒரு காலை வேளைக்கு ஒன்று வந்து நிற்க வேண்டும் என்று கேட்பது பேராசை.

போளூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அத்திமூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். பீமன் நீர்வீழ்ச்சி, பெருங்கற்காலக் கல்திட்டைகள், சாமை விளையும் சரிவுகள். கொஞ்சம் தள்ளிக் காவலூரில் வானியல் ஆய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்க்கிறது. கரடி இருக்கும் மலைதான், ஆனால் அதைக் காட்டித் தர யாரும் ஜீப் ஓட்டுவதில்லை. அங்கே போனாலும் மலைவாழ் மக்களைக் கேட்காமல் படமெடுப்பதும், குரங்குக்கு சிப்ஸ் போடுவதும், பாட்டிலை அருவியில் விடுவதும் அதே பழைய தவறுதான். விலங்கு மாறினால் போதாது, வழக்கம் மாற வேண்டும்.

முதுமலைக்குப் போக நினைப்பவர்கள் போகலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வனத்துறை வேனில் ஏறுங்கள், வழித்தடத்துக்குள் அறை எடுக்காதீர்கள், இரவு ஜீப்பை மறுத்துவிடுங்கள், டிரைவருக்கு டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் புலி தெரிந்ததற்காக அல்லாமல் விலகி நிறுத்தியதற்காகக் கொடுங்கள். கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், எதுவும் தெரியாமல் திரும்ப வேண்டியிருக்கலாம் என்று.