இலை கொட்டுற மாசம்

பனியை ஐஸ்பெட்டியில் மட்டுமே பார்த்திருந்த வயதில், நூறு வருடம் நீண்ட ஒரு பனிக்காலத்தைப் படித்தேன். சி.எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' என்ற சிறுவர் நாவல். படித்த இடம் மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டு வாசல்படி. காலம் மாசி வெயில். நார்னியா என்ற நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சூனியக்காரி அங்கே பனியை உருக விடமாட்டாள். கிறிஸ்துமஸையும் வர விடமாட்டாள். பனி எனக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸ் வராது என்பது உடனே புரிந்தது. தீபாவளி வராத வருடம் என்று வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கும் ஒரு பனிக்காலம் இருந்தது, குளிர் இல்லாமல். தை முடிந்து மழை ஓய்ந்ததும் பால்மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாகப் பழுத்து இலையைக் கொட்டும். சில வாரங்களில் தோட்டமே மொட்டை. துரைமார் இதற்கு 'விண்டரிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சொந்த ஊர் நினைப்பாக இருக்கும். ரப்பரோ அமேசான் காட்டு மரம். 1876இல் விதையாகக் கப்பலேறி லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அடுத்த வருடமே கன்றாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கியது. அத்தனை கடல் தாண்டியும் இந்த ஒரு பழக்கத்தை அது விடவில்லை. அம்மாவுக்கு விண்டரிங் எல்லாம் தெரியாது. 'இலை கொட்டுற மாசம்' என்பார்.

பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். வருடம் முழுக்க நிழலும் கொசுவுமாக இருட்டிக் கிடக்கும் தோட்டத்தில் திடீரென்று தரைவரை வெயில் இறங்கும். கணுக்கால் புதையச் சருகு. ஓடினால் ஊரையே எழுப்பும் சத்தம். அதன்பின் தளிர் வரும். பச்சையாக இல்லை, செப்பு நிறத்தில், பிறந்த குழந்தையின் காது மாதிரித் தொங்கிக்கொண்டு. கூடவே சின்னச் சின்ன மஞ்சள் பூ, அதைத் தேடித் தேனீ.

பெரியவர்களுக்கு அது பஞ்சம். தளிர்விடும் மரம் தன் சேமிப்பையெல்லாம் இலைக்கே கொடுத்துவிடும். கத்தி வைத்தால் மங்குக் கிண்ணத்தின் அடியை மறைக்கும் அளவுக்குத்தான் பால். சில நிரைகளில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். பால் குறைந்தால் கூலியும் குறையும். டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் அம்மா போய் நிற்பார். நீண்ட விளக்கம் எதுவும் கிடையாது. "தவுக்கே, இலை கொட்டுது." அவர் மலாயில் "தெரியும், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கடன் எழுதும் 555 நோட்டை எடுப்பார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய். வைகாசிக்குள் கணக்குத் தீர்ந்துவிடும்.

அந்த நோட்டை அன்று நான் பொருட்படுத்தவில்லை. இப்போது நார்னியாவைத் திரும்பப் படிக்கும்போது அதுதான் கண்ணில் நிற்கிறது. சூனியக்காரி செய்த கொடுமை குளிர் அல்ல. அங்குள்ள பீவருக்குக் கம்பளி தேவையில்லை. குகையில் வாழும் ஆட்டுக்கால் மனிதன் தேநீர் போட்டு விருந்தே வைக்கிறான். குளிரோடு வாழப் பழகிவிட்டார்கள். அவள் பிடுங்கியது பருவத்தின் திருப்பத்தை. இன்ன மாதம் இது முடியும் என்று இருவருக்கும் தெரிந்தால்தானே ஒருவர் கேட்க, மற்றவர் கொடுக்க முடியும்? நூறு வருடப் பனியில் எந்தத் தவுக்கேயும் நோட்டைத் திறக்கமாட்டார். மனசுக்குள் வைத்துக்கொள்ளும் எதிர்பார்ப்பையும், இன்னொருவர் மேல் வைக்கும் பிடிப்பையும் தமிழ் 'நம்பிக்கை' என்று ஒரே சொல்லில் சொல்கிறது. அகராதிக்காரர்கள் இதைச் சொல் பற்றாக்குறை என்று நினைக்கலாம். 555 நோட்டைப் பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. மரம் தளிர்க்கும் என்பதும் அம்மா கொடுத்துவிடுவார் என்பதும் தவுக்கேயின் மனசில் இரண்டு கணக்காக இருந்ததில்லை.

இடையில் ஒன்று. அந்த நாவலில் எட்மண்ட் என்ற பையன் மிட்டாய்க்காக அண்ணனையும் அக்காவையும் தங்கையையும் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். அற்பப் பையன் என்று நாம் நினைப்போம். ஆனால் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் அப்போதும் மிட்டாய்க்கு ரேஷன். 1953இல்தான் அது நீங்கியது. அந்த நாட்டுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தவற்றில் முதல் வரிசையில் இருந்தது மலாயா ரப்பர். அதை வெட்டியவர்களின் தோட்டங்களிலோ அந்த 1950இல் அவசரகாலச் சட்டம். பல இடங்களில் லயத்தைச் சுற்றி முள்கம்பி.

அதற்கும் முன்னால் ஜப்பான்காரன் காலம். மூன்று வருடம் எட்டு மாதம். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பல தோட்டங்களில் வெட்டு நின்றது. மரவள்ளி நட்டுத் தின்றார்கள். கையில் இருந்ததோ வாழைமரம் அச்சடித்த நோட்டு. மாதாமாதம் அதன் மதிப்பு கரைந்தது. கடன் என்ற பேச்சே இல்லை. 1943இல் தாத்தாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான். அந்த 415 கிலோமீட்டர் பாதை அதே வருடம் அக்டோபரில் முடிந்தது, அவர் வரவில்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மோரிப்பிலும் போர்ட்டிக்சன் பக்கத்திலும் கரையிறங்கியது. போர்ட்டிக்சன் எங்களுக்கு எட்டும் தூரம்தான். ஊரே பனி உருகியதுபோல் மூச்சுவிட்டது. பாட்டி அதன் பிறகும் எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு தடவ இலை கொட்டுச்சு. அப்புறம் எண்ணுறத விட்டுட்டேன்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் அழுததை நான் பார்த்ததில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்.

மரங்கள் அந்த ஆண்டுகளில் கத்தி படாமல் ஓய்ந்திருந்ததால் போருக்குப் பிறகு பால் நன்றாகச் சுரந்தது. மரத்துக்கு ஞாபகம் கிடையாது.

மரமும் ஏமாற்றுவது உண்டு. தளிர்விடும் நேரத்தில் பூஞ்சை பிடித்தால் புது இலையும் விழுந்துவிடும். பழைய இலையும் புது இலையும் சேர்ந்து போய், மரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2017 வாக்கில் மலேசியாவுக்கு வந்த பெஸ்டலோஷியோப்சிஸ் பூஞ்சை இன்னும் மோசம். மாசி, பங்குனி என்று பார்க்காமல் ஒரே வருடத்தில் பலமுறை உதிர்க்கிறது. நார்னியாவுக்கு மிக அருகில் வருவது இதுதான் என்று நினைக்கிறேன்: திருப்பம் வந்ததுபோல் வந்து, கைநீட்டும்போது போய்விடுவது.

மலாயில் எங்கள் ரந்தாவ் என்ற பெயருக்கு ஆற்றின் நீண்ட கரை என்று பொருள். நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் மக்களுக்கு அது பிறந்த மண்ணை விட்டுப் போய்ப் பிழைக்கும் நிலமும்கூட. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. அதற்கு இலையுதிர்காலம் இல்லை. பழுத்த மட்டையை ஆள்தான் வெட்டித் தள்ள வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வருடம் முழுக்கக் குலை. ரப்பரைவிட நல்ல காசு என்று சொல்வார்கள், உண்மைதான்; பழைய பஞ்சத்துக்காக ஏங்குகிறவன் அல்ல நான். குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பருவம் பெர்மிட்டில் எழுதியிருக்கும் தேதி.

போன மாசியில் டவுனுக்குப் போயிருந்தேன். தவுக்கேயின் மகன்தான் கடையை நடத்துகிறார். கல்லாவுக்கு மேலே 'கடன் இல்லை' என்று ஒட்டியிருக்கிறது, மூன்று மொழியில்.