இல்மு ஓர் அமானிதம்

ஐரோப்பாவுக்கு அறிவைக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று மீலாது மேடைகளில் முழங்குகிறோம். கொடுத்தது உண்மைதான். வாங்கியவர்கள் அதை எப்படி வாங்கினார்கள் என்பதையும் சிந்திக்க வேண்டாமா?

ஸ்பெயினிலுள்ள துலைத்துலா நகரம் கி.பி. 1085-ல் முஸ்லிம்களின் கையை விட்டுப் போயிற்று. அரபிக் கிதாபுகளோ அங்கேயே இருந்தன. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியின் கிரிமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்ற கிறிஸ்தவர் அங்கு வந்தார். தாலமியின் வானநூலான 'அல்மஜிஸ்தீ' லத்தீனில் கிடைக்காததால் அதற்காகவே அரபி கற்றார். 1187-ல் இறப்பதற்குள் 70க்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்து முடித்தார். இப்னு ஸீனா (ரஹ்) அவர்களின் மருத்துவ நூலான 'அல்கானூன்' அவற்றில் ஒன்று. எந்த நூலிலும் தம் பெயரை அவர் பொறிக்கவில்லை. மாணவர்களே பின்னர் பட்டியல் எழுதி வைத்தார்கள். நாமோ பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நூலை விட்டுவிட்டோம்!

அந்த அல்மஜிஸ்தீயும் நம் முன்னோர்கள் யூனானியரிடமிருந்து பெற்றதுதான். பெற்றதோடு நில்லாமல், ஆராய்ந்து பிழை கண்டு திருத்தினார்கள். ஆகவே, இல்மு எந்தச் சமுதாயத்தின் தனிச்சொத்தும் அன்று, அல்லாஹ்வின் அமானிதம். தேடுகிறவனிடம் அது போய்ச் சேரும்.

பாட்டனார் உண்ட சோற்றால் பேரனுடைய பசி தீருமா? பரணில் தூசி படிந்து கிடக்கும் கிதாபு நாளை மறுமையில் நமக்குச் சாதகமாகவா சாட்சி சொல்லும்? இன்றே மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு பக்கமேனும் ஓதி விளங்குவோம். பயனளிக்கும் இல்மை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.