அடைபட்ட அக்கினி

தீர்த்த யாத்திரை போகிறவன் பிறர் சமைத்ததை உண்ணாமல் தன் கையாலேயே சமைத்து உண்ண வேண்டும் என்ற நியமத்தைப் பழைய ஆசாரக்காரர்கள் ஸ்வயம்பாகம் என்று போற்றிவந்தார்கள். அந்த நியமத்தில் விரதத்தின் பங்கு எவ்வளவு, ஜாதிக் கட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடைபோட இங்கே நான் முற்படவில்லை. இரண்டாவது பங்கு அதிகம் என்பவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. ஆயினும் சத்திரத்துத் தாழ்வாரத்தில் மூன்று கல்லைக் கூட்டி, நாலு சுள்ளியை ஒடித்து வைத்துச் சோறு பொங்கியவனுக்கு, தான் மூட்டிய தீ எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எப்பொழுது அணைந்தது என்ற மூன்றும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலிருந்து திருச்செந்தூருக்கும், அமாவாசைக்கு ராமேசுவரத்துக்கும், கார்த்திகை பிறந்து மாலை போட்டபின் சபரிமலைக்கும் புறப்படுகிற வேன்களில் அந்தப் பழைய நியமம் இன்றும் பிரயாணம் செய்துகொண்டுதான் இருக்கிறது. அண்டாவும் குத்துப்போணியும் அரிசி மூட்டையும் ஏறிய இடத்திலேயே கேஸ் அடுப்பும் சிலிண்டரும் ஏறுகின்றன. வழியில் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டிச் சமைத்து உண்டு மறுபடியும் ஏறிக்கொள்கிறார்கள். மேல்நாடுகளில் இதுவே இன்னும் ஒரு படி மேலே போய், படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் கொண்ட வீடாகவே வண்டியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அதில் வாசம் செய்கிறார்கள். சினிமாப் படப்பிடிப்பின் புண்ணியத்தால் நாம் கேரவன் என்று அறிந்திருக்கும் வண்டியின் இனம் அது. அவ்வண்டிக்காரர்களுக்குள்ளே ஓயாத ஒரு விவாதம் உண்டு: தீர்ந்தவுடன் மீண்டும் நிரப்பிக்கொள்ளத்தக்க கேஸ் சிலிண்டரை வண்டியில் தானே பொருத்திக்கொள்வதா, அன்றித் தேர்ந்த தொழிலாளியிடம் விட்டுவிடுவதா என்பது அது. பார்வைக்குக் கூலிக்கணக்காகத் தோன்றும் இந்தக் கேள்வியைத் தர்ம சாஸ்திரக் கேள்வியாகவே நான் எண்ணுகிறேன்.

இதை வெறும் தர்க்க விநோதமாகப் பேசுவதற்கு இடமில்லாதபடி நம் ரயில் பாதையிலேயே ஒரு துக்கம் நடந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி லக்னோவிலிருந்து தனிப் பெட்டியில் புறப்பட்ட யாத்திரிகர்கள் தெற்கே க்ஷேத்திரங்களைத் தரிசித்துக்கொண்டு நாகர்கோவில் வரை வந்தார்கள். அங்கே புனலூர்–மதுரை விரைவு வண்டியில் அவர்கள் பெட்டி இணைக்கப்பட்டு, இரவோடிரவாகத் திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் வழியே மதுரை சேர்ந்து, தனியே கழற்றி நிறுத்தப்பட்டது. 26-ஆம் தேதி விடியற்காலை ஐந்தேகால் மணியளவில் அந்தப் பெட்டி தீப்பற்றி எரிந்து 9 பேர் மாண்டார்கள். சட்டத்துக்குப் புறம்பாகப் பெட்டிக்குள் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே நிர்வாகம் அறிவித்தது. கோவில்பட்டி நிலையத்தை அந்தப் பெட்டி கடந்த வேளையில் உள்ளே உறங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தம் அருகே அடைபட்ட அக்கினி ஒன்று கூடவே பிரயாணம் செய்வது நினைவில் இருந்திருக்கும்?

இத்தகைய வேளைகளில் இரண்டு விதமான பேச்சு எழும். பக்தர்களைக் கடவுள் கைவிட்டார் என்பது ஒன்று. அவர்கள் முன்வினை அப்படி என்பது மற்றொன்று. முன்னது நாஸ்திகம் போலவும் பின்னது ஆஸ்திகம் போலவும் தோன்றினாலும், இரண்டுமே ரப்பர் டியூபையும் வால்வையும் பற்றிய விசாரணையை நிறுத்திவிடுகிற சோம்பேறித்தனத்தில் சகோதரர்கள். மாண்டவர்களின் பக்தியை அளக்க நமக்கு அதிகாரமில்லை. நாம் விசாரிக்க வேண்டியது அறிவைப் பற்றி.

நியாய சாஸ்திரக்காரர்களான நையாயிகர்கள் அனுமானத்துக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்போதெல்லாம் மலையையும் புகையையும் விடமாட்டார்கள்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ உண்டு. கதிரேசன் மலையில் புகை கண்டால் கோவில்பட்டியில் சிறுபிள்ளையும் இந்த அனுமானத்தைச் செய்துவிடும். ஆனால் கேஸ் விஷயத்தில் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே தீக்கு முன்னால் புகை இல்லை. கசியும் பொருளுக்கு நிறமில்லை. இயற்கையில் சொல்லத்தக்க மணமும் இல்லை. நாம் முகர்கிற அந்தத் துர்நாற்றம், எதைல் மெர்காப்டன் என்ற சரக்கைத் தொழிற்சாலையிலேயே கலந்து நமக்குச் செயற்கையாக அளிக்கப்பட்ட பிரத்யக்ஷம். காற்றைவிடக் கனமானதாகையால் கசிந்த கேஸ் மேலே போய்க் கலையாமல் தரையோடு தரையாகத் தங்குகிறது. காற்றில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு கலந்தாலே, ஒரு சுவிட்சின் பொறி போதும். திறந்த வெளியில் மூன்று கல்லுக்கு நடுவே எரிந்த தீக்கும், மூடிய வண்டிக்குள் எரியாமல் காத்திருக்கும் தீக்கும் உள்ள பேதம் இதுதான்: முன்னதைக் கண் அறியும், பின்னதை அறிய மூக்கு ஒன்றே துணை, அதுவும் விழித்திருக்கும்போது மட்டும்.

பிரத்யக்ஷம் தோற்ற இடத்தில் சப்த பிரமாணத்துக்குப் போக வேண்டும். அதாவது, உள்ளபடி அறிந்து, அறிந்தபடி சொல்லும் ஆப்தனுடைய வாக்கை நம்ப வேண்டும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். ஏ-27 என்றிருந்தால் 2027 மார்ச்சு மாதத்துக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஆப்த வாக்கியம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் எழுதப்பட்டதில்லை; இவ்வளவு அலட்சியமாக வேறெதுவும் படிக்கப்படாமல் விடப்பட்டதும் இல்லை. நம்மவர்கள் நம்புவது வேறொரு பிரமாணத்தை. யாத்திரை வேனில் சிலிண்டர் எதற்கு என்று கேட்டபோது ஒருவர் எனக்குச் சொன்னார்: “எத்தன வருசமா இப்பிடித்தான அண்ணாச்சி போயிட்டு வாரோம், ஒண்ணும் ஆகலியே.” நியாய சாஸ்திரம் இதைக் கேட்டால் சிரிக்கும். பலமுறை நேராதது இனியும் நேராது என்பதற்கு வியாப்தி, அதாவது தப்பாத தொடர்பு, எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பிரயாணத்திலும் டியூப் சிறிது தேய்கிறது, வாஷர் சிறிது காய்கிறது. பழைய க்ஷேமம் புதிய க்ஷேமத்துக்குச் சாட்சியாகாமல் எதிர்சாட்சியாகவே ஆகிறது.

மீண்டும் நிரப்பும் சிலிண்டரில் இந்த அறியாமைக்கு இன்னும் ஒரு மடிப்பு உண்டு. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை ஆலையில் எடைபோட்டு நிரப்புகிறார்கள். உள்ளே திரவத்துக்கு மேலே ஆவிக்கென்று வெற்றிடம் விட்டிருக்கும். வெயிலில் திரவம் விரியும்போது அந்த வெற்றிடமே உயிர்காக்கும் இடம். அது இல்லாமல் கழுத்துவரை திரவத்தை அடைத்துவிட்டால், கரிசல் காட்டுச் சித்திரை வெயிலுக்கு அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால்தான் வண்டிக்கென்று செய்யப்படும் நிரப்பு சிலிண்டரில், கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது பங்கு ஆனவுடன் தானே வாயை மூடிக்கொள்ளும் மிதவை வால்வு வைக்கிறார்கள். சமையல் சிலிண்டரில் அது இல்லை. ஒன்றைக் கவிழ்த்து மற்றொன்றில் இறக்கிக்கொள்ளும் திருட்டு வித்தையில், வெற்றிடம் எவ்வளவு மிஞ்சியது என்பதை இறக்கியவனும் அறியான். சிலிண்டரைப் படுக்கவைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். நிமிர்த்தி நிறுத்தி, பட்டை போட்டு இறுக்கி, ஆள் இருக்கும் பாகத்தோடு தொடர்பில்லாத தனி அறையில் அடைத்து, அந்த அறையின் அடித்தளத்தில் கசிவு கீழே இறங்கிப் போகத் துவாரம் விட வேண்டும். ஆள் ஏறுகிற வேனில் இத்தனையும் இல்லாமல் வீட்டுச் சிலிண்டரை ஏற்றவே கூடாது என்பது என் கட்சி.

அப்படியானால் தொழிலாளியிடம் விட்டுவிடுவதே தர்மம் என்று முடித்துவிடலாமா? ஸ்ரீவைஷ்ணவர்களுக்குள் குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதா, பூனைக்குட்டி தாயின் வாயில் தன்னை விட்டுவிடுவதா என்று சரணாகதியைக் குறித்து நூற்றாண்டுகளாக நடந்த விவாதத்தை இங்கே கொண்டுவருவதற்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நம்மைச் சுமப்பவன் சர்வக்ஞன். பட்டறையில் ஸ்பானர் பிடித்திருப்பவன் சர்வக்ஞன் அல்லன், சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு வண்டியை முடிக்க வேண்டிய மனிதன்.

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டுவது கோவில்பட்டிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கழுகுமலை. பாண்டியர் காலத்தில் அந்தப் பாறை சமணர்களின் பெரிய ஸ்தானமாக விளங்கியது. வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அங்கே கற்பித்த குரவர்களும் குரத்தியர்களும் ஓதிய தர்மத்தில், ஹிம்சைக்கு உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் கொடுத்த இலக்கணம் வியப்புக்குரியது: அஜாக்கிரதையான மனத்தோடு செய்யும் காரியத்தால் உயிருக்கு நேரும் கேடு ஹிம்சை. கோபமோ பகையோ வேண்டியதில்லை, கவனமின்மையே போதும். மேலும் துறவிக்கு விதித்த ஐந்து சமிதிகளில் ஒன்று, பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் காட்டவேண்டிய எச்சரிக்கை. மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டுக் கமண்டலத்தை வைத்த அந்தத் துறவிகளை நாம் அதிசயப் பிறவிகளாகப் பார்த்துச் சிரிக்கிறோம். நிறைந்த சிலிண்டரை வேனிலிருந்து உருட்டித் தள்ளி இறக்குவதைச் சாதாரணமாகப் பார்க்கிறோம்.

இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டால் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது. தானே பொருத்துகிறவன் தன் அறிவின் எல்லையைச் சோதியாமல் பொருத்தினால், ஒருவருக்கும் ஒன்றும் நேராவிட்டாலும், அந்த அஜாக்கிரதையில் அவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான். அவன் வண்டியில் உறங்குகிற கிழவிக்கும் குழந்தைக்கும் அந்த முடிவில் பங்கில்லை, விளைவில் மட்டும் பங்கு உண்டு. தன் உயிரை மட்டும் பணயம் வைக்கிற ஸ்வாதந்திரியம் ஒருவனுக்கு இருக்கலாம். வேனில் அப்படி ‘தான் மட்டும்’ என்று ஒருவனும் இல்லை. ஆகவே பொருத்துவதை அறிந்தவனிடம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தவுடன் விழிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறானே, அங்கேதான் இரண்டாவது அஜாக்கிரதை தொடங்குகிறது. வண்டி நகருமுன் வால்வை மூடித் தொப்பியை மாட்டுவதும், இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதும், டியூபின் வயதை நினைவில் வைப்பதும் எந்த மெக்கானிக்கும் கூட வந்து செய்யக்கூடியவை அல்ல.

இந்த வட்டாரத்துக்கு இதைப் புதிதாகப் போதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீயோடு பழகுவதைத் தாமே ஊகித்துத் தொடங்காமல் அறிந்தவனிடம் போய் நின்ற விநயம் அது. அந்தத் தொழில் பரவிய சாத்தூரிலும் கோவில்பட்டியிலும், குச்சியின் தலையில் ஒரு மருந்தும் பெட்டியின் பக்கத்தில் வேறொரு மருந்துமாகப் பிரித்து வைப்பதே ‘சேப்டி’ தீப்பெட்டியின் ரகசியம் என்பது பெட்டி அடுக்கும் பெண்களுக்கும் தெரியும். சேரக்கூடாதவற்றைச் சேரவிடாமல் வைப்பதில் தேர்ந்த ஊர், கேஸையும் காற்றையும் பொறியையும் ஒரே வேனுக்குள் கூட்டி உட்காரவைத்துக்கொண்டு மலைக்குப் போவது விசித்திரந்தான்.

சபரிமலைக்குக் கூட்டம் அழைத்துப் போகும் குருசாமிகள் சிலரிடம், இருமுடிகளை எண்ணிப் பார்க்கும்போது சிலிண்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவதைக் குருசாமியின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாகாதா என்று கேட்டேன். அது சமையல்காரன் பாடு என்றார்கள். சமையல்காரனோ ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசி வந்தவன், வண்டியும் அவனுடையதில்லை, சிலிண்டரும் அவனுடையதில்லை. சரண கோஷத்துக்கு நடுவே வாஷரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அபசாரமாகவும் பட்டது. வயதில் மூத்த ஒருவர் மாத்திரம், பழைய டியூபுக்குப் பதில் புது டியூப் ஏஜென்சியிலேயே கிடைக்குமா, அல்லது பஜாரில்தான் தேட வேண்டுமா என்று விசாரித்தார். ஏஜென்சியிலேயே கேட்டு, தேதி பார்த்து வாங்குங்கள் என்று சொன்னேன்.