நாற்பதுக்குப் பின் வாகனம்: வெட்கமா, பெருமையா?

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா? சட்டத்தைக் கேட்டால் தடையில்லை என்று சொல்லும். மார்க்கத்தைக் கேட்டாலும் ஆகுமான காரியம்தான். ஆனால் நம்மவர்கள் இதைச் சட்டத்திடமும் கேட்பதில்லை, மார்க்கத்திடமும் கேட்பதில்லை. தெருவிடம் கேட்கிறார்கள். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று தெரு சொல்லும் பதிலைத் தீர்ப்பாக ஏற்று அடங்கிவிடுகிறார்கள். அந்த அடக்கத்திற்கு 'வெட்கம்' என்று ஒரு பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? எனவே மனம் சமாதானமாகிவிடுகிறது. இந்தச் சமாதானம் சரியானதுதானா என்று சற்று ஆராய்வோம்.

தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள புதியம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கரிசல் பூமி. வானம் பார்த்த விவசாயம். மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் வெடித்துக் கிடக்கும் நிலம். அப்படிப்பட்ட பூமியில் தையல் இயந்திரத்தை நம்பி எழுந்து நிற்கும் ஊர் அது. ரெடிமேட் ஆடைகளுக்குப் பெயர் பெற்றது. அந்தத் தொழிலின் இயல்பு என்ன? துணி வெட்டுவது ஓரிடம், தைப்பது வேறொரு வீடு, காஜா எடுத்துப் பட்டன் கட்டுவது இன்னோரிடம். துணிக்கட்டு கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே இரு சக்கர வண்டி உல்லாசப் பொருள் அன்று. ஊசியும் கத்தரியும் போல அதுவும் ஒரு தொழிற்கருவி.

இத்தகைய ஊரில் நாற்பத்தெட்டு வயதுத் தையல்காரர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வேலையில் கைதேர்ந்தவர். வண்டி ஓட்டத் தெரியாது. துணிக்கட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவரைக் கேட்க வேண்டும். வயதான தாயாரைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல இன்னொருவரைக் கேட்க வேண்டும். பஸ் வராத நாளில் ஜும்ஆவுக்குப் போகவும் யாராவது பின்னால் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதே ஊரில் கணவரை இழந்து, தைத்துப் பிழைக்கும் பெண்மணி ஒருவரையும் எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய நிலைமை இதைவிடக் கடினம். ஏனெனில் அவர் யார் வண்டியின் பின்னாலும் ஏறிவிட முடியாது.

இவ்விருவரும் நாள்தோறும் பிறரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பதற்கு வெட்கம் இல்லை. கற்பதற்கு மட்டும் வெட்கம்! பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்கள் சிலரிடம், மக்களிடம் எதையும் யாசிப்பதில்லை என்று உறுதிமொழி வாங்கினார்கள். அதன்பின் அத்தோழர்களில் சிலர், வாகனத்தின் மேல் இருக்கும்போது கைச்சாட்டை கீழே விழுந்தால்கூட, அதை எடுத்துத் தரும்படி எவரையும் கேட்கமாட்டார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஒரு சாட்டைக்காகக்கூடப் பிறரை எதிர்பாராதவர்கள் நம் முன்னோர்கள். தவிர்க்க இயலாத உதவியைப் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் கற்றுக்கொண்டால் தவிர்க்கக்கூடிய உதவியை ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பது எந்த வகையில் சேரும்?

இனி, கற்பதில் உள்ள சிரமத்தைப் பார்ப்போம். கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும். சட்டென்று விட்டால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். மெதுவாகப் போகும்போதுதான் வண்டி ஆடும். சற்று வேகம் பிடித்தால் தானே நிமிர்ந்து ஓடும். இது புதிதாகப் பழகுபவருக்கு விளங்காது. பயந்து மேலும் மெதுவாக்குவார், மேலும் ஆடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பார்வை. முன்சக்கரத்தையே பார்த்தால் வண்டி தள்ளாடும். ரோட்டிலுள்ள குழியையே பார்த்தால் வண்டி குழியை நோக்கியே போகும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால்தான் கை அதற்கேற்பத் திரும்பும்.

பதினெட்டு வயதுப் பையனுக்கு இது எளிதில் பிடிபடுகிறது. உடல் இளமை ஒரு காரணம். அவன் விழுந்தால் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்கிறான் என்பது மற்றொரு காரணம். பெரியவரோ, கண்மாய்க்கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போதே யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார். பார்வை தெருவின்மேல் போய்விட்டால் வண்டி எங்கே போகும்?

வெட்கம் வேறு, பெருமை வேறு. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுமே மனிதனைப் பின்வாங்கச் செய்யும். ஆனால் வெட்கம் தீமையிலிருந்து பின்வாங்கச் செய்கிறது. 'என் இறைவன் என்னைப் பார்க்கிறான்' என்கிறது. பெருமையோ நன்மையிலிருந்தே பின்வாங்கச் செய்கிறது. 'நான் சிறியவனாகத் தெரிந்துவிடுவேனே' என்கிறது. தாபிஈன்களில் பெரும் குர்ஆன் விரிவுரையாளரான முஜாஹித் அவர்கள், கல்வி கிட்டாமல் போகிறவர்களை எண்ணும்போது கூச்சப்படுபவரையும் பெருமைக்காரரையும் அருகருகே வைத்துப் பேசினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்பதற்காக மதீனத்து அன்சாரிப் பெண்களைப் புகழ்ந்தார்கள். அங்கே நாணமும் இருந்தது, கல்வியும் இருந்தது. ஒன்றை ஒன்று விரட்டவில்லை.

விழுந்துவிட்டால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்தார்கள், வலப்புறம் சிராய்த்துவிட்டது. அதனால் உட்கார்ந்தபடியே தொழுகை நடத்தினார்கள். தோழர்கள் இதை மறைக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி உள்ளிட்ட நூல்களில் அது பதிவாகி, உட்கார்ந்து தொழுவிக்கும் இமாமைப் பற்றிய சட்ட ஆய்வுக்கே ஆதாரங்களில் ஒன்றாக நிற்கிறது. படைப்பினங்களில் சிறந்தவருக்கே குறையாத கண்ணியம், புதியம்புத்தூர்த் தெருவில் நமக்கா குறைந்துவிடப்போகிறது?

பெண்கள் விஷயத்தில் தெருவின் தீர்ப்பு இன்னும் கடுமையாக இருக்கும். ஆனால் தெருவின் தீர்ப்பு மாறக்கூடியது என்பதற்கு நம் தமிழகத்திலேயே சாட்சி இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதனுடன் இணைத்தார். வறண்ட பூமி, ஏழைப் பெண்கள், கேலிப் பேச்சு எல்லாம் அங்கும் இருந்தன. 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் இளம் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் அல்லவா! ஒட்டகமேறும் பெண்களில் சிறந்தவர்கள் என்று குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதும், அவர்கள் பிள்ளைகளிடம் காட்டும் பரிவைச் சேர்த்தே என்பதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

வயதுத் தடையும் மனிதர்கள் போட்டுக்கொண்டதே. தமிழக அரசு 2018-இல் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க மானியத் திட்டம் தொடங்கியபோது, 18 முதல் 40 வயது வரை என்று வரம்பு வைத்தது. நாற்பதுக்குமேல் கற்கமாட்டார்கள் என்ற எண்ணம் எவ்வளவு இயல்பாக நம்மிடம் ஊறியிருக்கிறது பாருங்கள்! ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் சைக்கிள் பழகியது 1895-இல்; அப்போது அவருக்கு ஏறத்தாழ 67 வயது. நம் சரித்திரத்திலும் சான்று உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரான கஃப்பால் மர்வஸீ அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். சுமார் முப்பது வயதில்தான் ஃபிக்ஹு கற்கத் தொடங்கினார். சஹாபாக்களில் பெரும்பாலோர் தீனைக் கற்றதே வளர்ந்து பெரியவர்களான பின்னர்தான்.

பெரியவருக்கு இன்னொரு சங்கடம், கற்றுத்தருபவர் யார் என்பது. பெரும்பாலும் மகனோ, மருமகனோ, கடையில் வேலை பார்க்கும் பையனோ ஆக இருப்பான். நேற்று வரை நாம் அதட்டியவன் இன்று, "வாப்பா, கிளட்சை விடாதீங்க!" என்று அதட்டுவான். இதைப் பொறுத்துக்கொள்வதுதான் உண்மையான பாடம். மூஸா (அலை) அவர்கள் இறைத்தூதராக இருந்தும், கிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் பயணம் செய்து மாணவராக நின்றார்கள். எது தெரியவில்லையோ, அதில் நாம் மாணவர். தெரிந்தவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் அதில் அவரே ஆசிரியர். அதேபோல் கற்றுத்தரும் பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை: தந்தை தடுமாறும்போது சிரிக்காதீர்கள். நீங்கள் நடை பழகித் தடுமாறியபோது அவர் சிரிக்கவில்லை, கை கொடுத்தார்.

"அப்படியானால் எல்லோரும் ஓட்டத்தான் வேண்டுமா? விபத்து நேர்ந்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிர் அமானிதம். நம் உயிரும் அமானிதம். எதிரே வருபவரின் உயிரும் அமானிதம். நாற்பது வயதைக் கடந்தவர் ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவச் சான்றும் தர வேண்டும் என்று சட்டம் கேட்பது இதனால்தான். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாளாவது பழகிய பிறகே தேர்வு. அங்கே கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். பார்வை மங்கியவரோ, அடிக்கடி தலை சுற்றுபவரோ, 'எனக்கு இது ஆகாது' என்று விலகினால் அது பெருமையுமன்று, கோழைத்தனமுமன்று, அமானிதத்தைப் பேணுதல். கியர் வண்டி கைக்கு அடங்கவில்லையா? கிளட்சும் கியரும் இல்லாத மொபெட் இருக்கிறது. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து நம் கிராமங்களில் எத்தனை குடும்பங்களை அத்தகைய வண்டிகள் சுமந்திருக்கின்றன! அதை ஓட்டுவதில் என்ன தாழ்வு?

பெருமைக்கு இன்னொரு முகமும் உண்டு. கற்கவிடாமல் தடுத்த அதே பெருமை, கற்றபின் தலைக்கவசம் போடவிடாமல் தடுக்கும். "அல்லாஹ் பாதுகாப்பான், எனக்கெதற்கு?" என்று தவக்குல் பேசும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மேல் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிமொழியின் கருத்தை அறியாதவர் நம்மில் யார்? தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போடுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்திலும் மட்கார்டிலும் அப்பிக்கொண்டு வண்டியை வழுக்கிவிடும்போது, இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதும் அதுவேதான்.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவின் கருத்தைச் சிந்தித்திருக்கிறீர்களா? இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நாமாக இதை அடக்கியாளச் சக்தி பெற்றவர்கள் அல்லர், நம் இறைவனிடமே திரும்பிச் செல்லக்கூடியவர்கள் என்பதே அதன் சாரம். இருபது வருடமாக ஓட்டுபவர் இதை வாயால் ஓதுகிறார். கை தானாகச் சாவியைத் திருப்புகிறது. ஆனால் ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாக ஏறி, கால் நடுங்க, கை வியர்க்க உட்கார்ந்திருப்பவர் இருக்கிறாரே, தமக்குச் சக்தியில்லை என்ற சொல்லின் பொருள் அவருக்குத்தான் அன்று முழுமையாக விளங்குகிறது. கற்கும் நாளில் வாய்க்கும் அந்தப் பணிவைக் கற்ற பின்னும் காப்பாற்றிக்கொள்பவரே நல்ல ஓட்டுநர். நல்ல அடியாரும் அவரே.

எனவே, தெருவிடம் கேட்பதை விடுவோம். தேவை இருக்கிறதா, உடல் ஏற்கிறதா, பிறருக்குத் தீங்கில்லையா என்று மனச்சாட்சியிடம் கேட்போம். மூன்றுக்கும் விடை சாதகமாக இருந்தால், எஞ்சி நிற்கும் தயக்கத்திற்கு வெட்கம் என்ற நல்ல பெயரைக் கொடுக்காமல் இருப்போம். நன்மையான காரியங்களைக் கற்பதில் வயதையும் பெருமையையும் தடையாக்கிக்கொள்ளாதவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.