ஒழுக்கத்திற்குப் பரிசு வேண்டுமோ?

பத்திரிகைத் தொழில் பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மை ஒரு வினா வினவினார். ஓட்டத்திற்கும் பாட்டிற்கும் பரிசு உண்டு, அது தகும். பொய் எழுதாதவனுக்குப் பரிசு எதற்கு? அது அவன் கடமையன்றோ? பஞ்சசீலம் ஏற்ற நாம் பொய்யுரையாமைக்காக எவரிடத்தும் பதக்கம் கேட்பதில்லையே என்றார்.

அமெரிக்க தேசத்தில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய விருது ஒன்று உண்டு. சியாட்டில் நகரில் ஒளிபரப்பு நிறுவனம் நடத்திய ஆன்சில் பெயின் என்பவர் பெயரால் 1999-இல் ஏற்பட்டது அது. அரசியல் நெருக்கடியோ பொருள் நெருக்கடியோ வந்துற்ற காலத்தும் நெறி பிறழாத பத்திரிகையாளரைக் கௌரவிப்பது அதன் நோக்கம். எழுத்தின் அழகை அது நிறுப்பதில்லை. எழுத்து அச்சேறு முன் எடுத்த முடிவை நிறுக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

அழகை மட்டும் நிறுத்தால் நேர்வது யாது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1980 செப்டம்பர் 28-இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஜேனட் குக் என்னும் நிருபர் ஒரு கட்டுரை வரைந்தார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹெராயின் என்னும் போதைக்கு அடிமையாய், வீட்டிலுள்ளோராலேயே ஊசி ஏற்றப்படுகிறான் என்பது அதன் பொருள். நகரம் பதைத்தது. காவலர் அச்சிறுவனைப் பல நாள் தேடியும் கண்டிலர். 1981 ஏப்ரல் 13-இல் அக்கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. 1917 முதல் வழங்கப்பட்டு வரும் பெரும் பரிசு அது. குக் தம் கல்விப் பட்டங்களைப் பற்றிக் கூறியிருந்தவை மெய்யல்ல என்பதை அவர் முன்பு பணியாற்றிய டொலீடோ நகரத்துப் பத்திரிகையார் கண்டனர். அந்நூலைப் பிடித்து இழுக்க, ஆடை முழுதும் பிரிந்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை. பரிசு திருப்பி அளிக்கப்பட்டு வேறொருவருக்குச் சென்றது.

குக் பொய் எழுதினார் என்று உலகம் தூற்றியது, முறைதான். ஆயினும் நம் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. பொய் வெளியாகும் வரை அப்பத்திரிகையின் மேலாசிரியர்கள் கட்டுரையை மெய்யென்றே நம்பினர். நம்பியும், அவன் எங்குள்ளான் என்று அதிகாரிகள் கேட்டபோது, செய்தி தந்தோரின் இரகசியம் காக்கவேண்டுமென்று மறுத்தனர். தாங்களும் சென்று பார்த்தாரில்லை. ஒரு குழந்தையின் கையில் நாள்தோறும் நஞ்சு ஏறுகிறது என்று நம்பிக்கொண்டே, அக்கட்டுரையைப் பரிசுக்கு அனுப்பினர்! குக்குடன் அவ்வில்லத்தைத் தேடிச் சென்ற சக நிருபர் ஒருவர், அவரால் இல்லத்தைக் காட்ட இயலாமை கண்டு ஐயுற்று மேலிடத்தில் உரைத்தார். அவர் சொல் எடுபடவில்லை. அவருக்கன்றோ விருது சென்றிருக்க வேண்டும்? ஆனால், அச்சேறிய பக்கத்தில் அவர் பெயர் இல்லையே.

பரிசு மனிதர் கண்ணைத் திருப்பும் விதத்தை நாம் ஏட்டிலே கற்கவில்லை. நூற்பாலையில் உழைத்த நாளில், விபத்தில்லாத பகுதிக்கு ஆண்டிறுதியில் பரிசென்று நிர்வாகத்தார் அறிவித்தனர். கார்த்திகை மாதத்தில் ஒரு பையனின் விரல் பல்சக்கரத்தில் சிக்கி நசுங்கிற்று. வீட்டுத் திண்ணையில் கதவிடுக்கில் நசுங்கியதென்று சொல்லுமாறு மேஸ்திரி அவனுக்குக் கற்பித்தார். நாமும் அருகில் நின்றோம், வாய் திறக்கவில்லை. பித்தளைக் குவளை ஆளுக்கொன்று கிடைத்தது. பலகாலம் அக்குவளையில் நீர் அருந்தினோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஆகையால் இளைஞருக்கு நாம் கூறிய விடை இது. பரிசு இருக்கட்டும். உண்மைக்காகப் பதவி இழந்தவனுக்கு ஊரார் தரும் ஒரு கைத்தாங்கலாக இருக்கட்டும். ஆனால் நடுவர்கள் எழுதியவரை மட்டும் விசாரித்து நின்றுவிடலாகாது. எழுதப்பட்டவரையும் விசாரிக்க வேண்டும். புலிட்சர் நடுவர்கள் கட்டுரையை ஓதி வியந்ததோடு நில்லாமல், "இக்குழந்தை இப்போது எங்கே? இவனுக்கு என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருப்பின், மேலாசிரியர்கள் அன்றே வீடு தேடிப் புறப்பட்டிருப்பர், வீடு இல்லையென்பதும் அன்றே தெரிந்திருக்கும்.