இடம் மாறும் கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இருபொருள் தருவது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகிய ஐவர்க்கும் உரிய பொறுப்புகளை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார்க்கடன் என்னும் வழக்குகளும் இப்பொருள்பற்றி எழுந்தவையே. பெற்ற பணத்தையும் ஆற்றவேண்டிய அறத்தையும் ஒரே சொல்லில் வைத்துப் பேசிய மக்கள், பணக்கடனை வெறும் கணக்காக மட்டும் கருதியிருக்க இயலாது.

இக்காலத்தில் கடன் ஓரிடத்தில் நில்லாமல் குடிபெயரக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு வங்கியின் கடன்பற்று அட்டையில் சேர்ந்த நிலுவையை வட்டி குறைந்த அல்லது வட்டியே இல்லாத இன்னொரு வங்கியின் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் முறை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரவலாக வழங்குகிறது. இதனை நிலுவை மாற்றம் என்பர். இம்முறையால் வட்டி குறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடனை இடம் மாற்றியவர் தம் கடமையில் ஒரு பகுதியையேனும் நிறைவேற்றியவர் ஆவாரா? அறிவுடைமை, தந்திரம், தப்பியோடுதல் என்னும் மூன்றனுள் இச்செயலை எதன்பாற்படுத்துவது? இவ்வினாக்கள் ஆராயத்தக்கவை.

கணக்கு கூறும் உண்மை

அறம் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பார்த்தல் நன்று. மலேசியாவில் கடன்பற்று அட்டையின் வட்டி, செலுத்துவோரின் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டு மாதங்களும் தவறாது செலுத்தியவர்க்கு 15. அடிக்கடி தவறுவோர்க்கு 18. சிங்கப்பூரிலோ இவ்வட்டி பொதுவாக 25 விழுக்காட்டையும் கடந்து நிற்கிறது.

ஒருவர்க்கு அட்டையில் 10,000 ரிங்கிட் நிலுவை, வட்டி 18 விழுக்காடு எனக் கொள்க. முதல் மாத வட்டி மட்டுமே 150 ரிங்கிட். மாதந்தோறும் நிலுவையில் 5 விழுக்காடாகிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் அவர் செலுத்திவந்தால், ஓராண்டில் ஏறத்தாழ 5,020 ரிங்கிட் கட்டியிருப்பார். அதன்பின்னும் 6,460 ரிங்கிட் எஞ்சி நிற்கும். கட்டிய தொகையில் 1,480 ரிங்கிட்டுக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது.

அவரே அந்நிலுவையைப் பன்னிரண்டு மாதங்களுக்கு வட்டியில்லாத வேறோர் அட்டைக்கு மாற்றி, அதற்கு ஒருமுறைக் கட்டணமாக 3 விழுக்காடு தருகிறார் என்க. இப்போது கடன் 10,300 ரிங்கிட். அதனைப் பன்னிரண்டாகப் பகுத்தால் மாதம் ஏறத்தாழ 858 ரிங்கிட். ஆண்டு முடியும்போது கடனும் முடிகிறது. பழைய அட்டையிலேயே இருந்துகொண்டு இதே தொகையைக் கட்டியிருந்தால் பதின்மூன்றாம் மாதமும் கட்ட நேர்ந்திருக்கும். வட்டி 1,070 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். ஆகவே மாற்றத்தால் மிச்சம் 770 ரிங்கிட்டுக்குக் குறையாது. நடுத்தரக் குடும்பம் ஒன்றிற்கு இஃது ஒரு மாத மளிகைச் செலவாகவோ பிள்ளைகளின் பள்ளிச் செலவாகவோ அமையக்கூடிய தொகை.

வாக்குத் தவறுதலா?

கொடுத்த கையை விட்டு வேறொரு கையைப் பற்றுவது நன்றிகேடு ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். இவ்வினாவுக்கு ஒரு பழைய வேர் உண்டு. கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் நகரத்தார் கிட்டங்கிகளில் பெட்டகமும் கணக்கு மேசையுமாக அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், கடன் என்பது ஆளறிந்து தருவதாக இருந்தது. பெறுவோரின் தொழிலும் குடும்பமும் சொல்லுறுதியும் தருவோர்க்குத் தெரியும். காசைக் குறிக்கும் ‘நாணயம்’ என்னும் சொல்லே நேர்மையையும் குறிக்கும் தமிழில், அத்தகைய உறவில் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் செல்வது பெயரைப் பாதிக்கும் செயலாகக் கருதப்படுவது இயல்பே.

இன்றைய அட்டையின் இயல்பு வேறு. வங்கிக்கும் வாடிக்கையாளர்க்கும் இடையே இருப்பது எழுத்தில் அமைந்த உடன்படிக்கை. பெற்ற தொகையை வட்டியுடன் எப்போது திருப்பித் தந்தாலும் அவ்வுடன்படிக்கை நிறைவேறிவிடுகிறது. நிலுவை மாற்றத்தில் பழைய வங்கிக்குச் சேரவேண்டியது முழுமையாகச் சேர்ந்துவிடுகிறது. ஏமாற்றப்பட்டவர் எவரும் இலர். மாறாக, குறைந்த வட்டிக்கு வழியிருந்தும் சோம்பலாலோ வீண் கூச்சத்தாலோ உயர்ந்த வட்டியையே கட்டிவருபவர், தம் மனைவி மக்களுக்கு உரிய பணத்தைக் காரணமின்றி விட்டுக்கொடுப்பவர் ஆகிறார். அவ்வகையில் பார்த்தால் வட்டியைக் குறைத்துக்கொள்வதும் இல்லறத்தாரின் கடன்களுள் ஒன்றே.

வட்டியில்லாக் கடன் எங்கிருந்து வருகிறது?

இங்கு வேறொரு வினா எழுகிறது. வட்டி ஈட்டுவதையே தொழிலாகக் கொண்ட வங்கி, வட்டியில்லாமல் கடன் தர முன்வருவது ஏன்? ஒருமுறைக் கட்டணம் ஒரு பகுதி விடை. புதிய வாடிக்கையாளரைப் பெறும் விருப்பம் இன்னொரு பகுதி. மூன்றாவது விடையே எண்ணிப்பார்க்க வேண்டியது. சலுகைக் காலம் முடிவதற்குள் கடனை முடிக்க இயலாதவர் சிலர் இருப்பர்; தவணை தவறிச் சலுகையை இழப்பவர் சிலர் இருப்பர்; மாற்றிய நிலுவை இருக்கும்போதே அதே அட்டையில் புதிய பொருள் வாங்கி, அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி செலுத்துபவர் சிலர் இருப்பர். இவர்கள் அனைவரும் எஞ்சிய தொகைக்கு வழக்கமான உயர்வட்டியைக் கட்டுவர். ஒழுங்காகக் கட்டியவர் பெற்ற நன்மையின் ஒரு பகுதி, இடறி விழுந்தவரின் பையிலிருந்து வந்ததே.

அப்படியாயின் அச்சலுகையைப் பயன்படுத்துவது பிறர் துன்பத்தில் பங்கு பெறுவது ஆகுமா? முறையாகக் கட்டுபவர் எவரையும் இடறச் செய்யவில்லை. அவர் ஒதுங்கிக்கொண்டாலும் பிறர் இடறுவது நின்றுவிடப்போவதில்லை. ஆதலின் குற்றம் அவரைச் சாராது. ஆனால் பொறுப்பு இல்லாமற் போகவில்லை. சலுகையைக் கொட்டை எழுத்தில் அறிவித்து, அது முடியும் நாளையும் முடிந்தபின் வரும் வட்டியையும் பொடி எழுத்தில் அச்சிடும் வங்கிக்கு ஒரு பொறுப்பு உண்டு. விழுக்காட்டுக் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் கற்பித்து, மாதச் சம்பளத்தோடு அதனைப் பொருத்திக் காட்டாத கல்விக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கடனுக்கு வட்டி குட்டிபோடும் என்பது தமிழர் பேச்சுவழக்கு. பண்டைய கிரேக்க மொழியிலும் வட்டியைக் குறிக்கும் சொல்லுக்கு ஈன்ற குட்டி என்பதே பொருள் என்பதை அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் எடுத்துக்காட்டி, பணம் பணத்தை ஈனுவதை இயற்கைக்கு மாறானது என்று கண்டித்தார். இரு வேறு நாட்டு மக்கள் ஒரே உவமையைக் கண்டடைந்தது, வட்டி எத்துணை விரைவில் பெருகும் என்பதைப் பட்டறிந்ததனால் ஆகலாம்.

துண்டு முறை தரும் பாடம்

கடன் இடம் மாறுவது தமிழர்க்குப் புதிய செய்தியும் அன்று. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்னும் முறை இருந்தது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர், கங்காணியிடம் பெற்ற முன்பணத்தால் தோட்டத்திற்கு வந்து சேரும்போதே கடனாளியாக இருந்தனர். வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று வழங்கப்படும். புதிய இடத்தார் அத்தொகையைக் கட்டி அவர்களை அழைத்துக்கொள்வர். பழைய கடன் தீர்ந்தது; ஆனால் அதே தொகை புதிய இடத்தில் அவர்கள் பெயரில் ஏறியது. ஆளை ஈர்ப்பதற்காகத் தரப்பட்ட புதிய முன்பணமும் அதனோடு சேர்ந்துகொண்டது. இவ்வாறு தோட்டம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. இம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழர் குடிநுழைவு நிதி, பயணச் செலவை ஏற்றுக்கொண்டு, தொழிலாளர் கடனில்லாமல் வந்திறங்க வழிசெய்தது.

துண்டு முறைக்கும் நிலுவை மாற்றத்திற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அன்றைய தொழிலாளர்க்குக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் இல்லை. கூலியை மிச்சப்படுத்தும் வழியும் இல்லை. இன்று அட்டை வைத்திருப்பவர்க்கு மாதந்தோறும் கணக்கு வீடு தேடி வருகிறது. எனினும் இரண்டிற்கும் பொதுவான உண்மை ஒன்று இருக்கிறது. புதிய இடத்தில் புதிய கடன் சேராதவரை மட்டுமே இடமாற்றம் விடுதலைக்கு வழியாகும். சேர்ந்துவிட்டால் சுமை மிகுவதற்கே அது வழியாகும்.

வெற்று அட்டை

மேலே கண்ட கணக்கையே இன்னொரு முறை பார்க்கலாம். 10,300 ரிங்கிட்டைப் புதிய அட்டைக்கு மாற்றியவர், மாதம் 858 ரிங்கிட் கட்டாமல், அங்கும் 5 விழுக்காட்டுக் குறைந்தபட்சத் தொகையையே கட்டிவருகிறார் என்க. ஆண்டு முடிவில் ஏறத்தாழ 5,570 ரிங்கிட் எஞ்சும்; சலுகையும் முடிந்திருக்கும். இதற்கிடையில் பழைய அட்டை வெறுமையாகக் கையில் இருக்கிறது. தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, பழைய கைப்பேசிக்கு மாற்றாக ஒன்று என அதில் 5,000 ரிங்கிட் ஏறிவிட்டால், மொத்தக் கடன் 10,570 ரிங்கிட். ஓராண்டு வட்டியில்லாமல் கட்டியபின்னும் அவர் தொடங்கிய இடத்திற்குப் பின்னே நிற்கிறார்.

இதற்குக் காரணம் கணக்கறியாமை மட்டுமன்று. கடன் மாறிய அன்று மனத்தில் தோன்றும் நிம்மதியே பெரிய காரணம். அந்நிம்மதி கடனை அடைத்தவர்க்கு உரியது. இடம் மாற்றியவர் அதனை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். செய்து முடித்ததால் வரவேண்டிய மகிழ்ச்சி, செய்யத் தொடங்கும்போதே கிடைத்துவிட்டால், செய்யும் ஊக்கம் தளர்வது மனித இயல்பு. தேர்வுக்குக் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியவுடன் பாதி படித்துவிட்டதாக எண்ணும் மாணவர் நிலையும் இத்தகையதே.

வாக்குறுதி என்பது யாருக்கு யார் தருவது என்னும் மெய்யியல் வினாவும் இங்கு அடங்கியிருக்கிறது. விண்ணப்பத்தில் கையொப்பமிடுபவர் இன்றைய மனிதர்; பதினோராம் மாதத்துத் தவணையைக் கட்டவேண்டியவர் நாளைய மனிதர். இருவரும் ஒருவரே எனினும், இன்றைய மனிதர் நாளைய மனிதரைத் தம்மினும் வலியவராக, சிக்கனம் மிக்கவராக, வருவாய் கூடியவராகக் கற்பனை செய்துகொண்டு, அவர் தலையில் சுமையை ஏற்றிவைக்கிறார். திருவள்ளுவர் தம் வலியைத் தாமே அளந்தறியும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில், வருவாயின் வழி குறுகியிருந்தாலும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தை வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. போர்வலி பற்றிய அதிகாரத்தில் வரவு செலவு ஏன் பேசப்படுகிறது? தன் அளவை மதிப்பிடுவதில் ஏமாறுபவர் எங்கும் ஏமாறுவார் என்பதனாலேயாம்.

ஆதலின் நிலுவை மாற்றத்தின் அறம் கையொப்பத்திற்கு முன்பே தீர்மானிக்கப்படுகிறது. மொத்தத் தொகையைச் சலுகை மாதங்களால் வகுத்து, வரும் தொகையை இன்றைய வருவாயிலிருந்தே கட்ட இயலுமா என்று நேர்மையாகப் பார்த்தவர், காலத்தை விலைகொடுத்து வாங்கி அதனை முறையாகச் செலவிடுகிறார். பார்க்காதவர் ஒரு சுமையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றுகிறார். சுமை தூக்குபவர் தோள் மாற்றுவதில் தவறில்லை. அவர் நடக்கவும் வேண்டும்.

இயலாதவர்க்கு வழி

எல்லாக் கடனும் ஊதாரித்தனத்தால் வருவதில்லை. நோயாலும் வேலையிழப்பாலும் அட்டையை நாடியவர் பலர். வகுத்துப் பார்த்த தொகை அவர்தம் வருவாய்க்கு எட்டாது என்று தெரிந்தால், மேலும் மேலும் இடம் மாற்றிக்கொண்டிருப்பது பொருந்தாது. மலேசியாவில் பேங்க் நெகாராவின் முயற்சியால் 2006ஆம் ஆண்டில் அமைந்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை அமைப்பு, கடனாளிகளின் வரவு செலவை ஆராய்ந்து வங்கிகளுடன் பேசித் திருப்பிச் செலுத்தும் திட்டம் வகுத்துத் தருகிறது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்தின்கீழ், மாத வருவாயைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பிணையில்லாக் கடன் சேர்ந்துவிட்டவர், பல வங்கிகளின் கடனை ஒரே வங்கியின்கீழ்க் கொண்டுவர வழியுண்டு. இத்தகைய உதவியைக் கேட்பது இழிவு என்று எண்ணி மறைப்பவர், இறுதியில் தெருமுனைச் சுவரொட்டிகளில் விளம்பரம் செய்யும் சட்டவிரோதக் கடன்காரர்களிடம் சிக்குகின்றனர். தம் இயலாமையை உள்ளவாறு ஒப்புக்கொள்வதும் நாணயத்தின் ஒரு கூறே.

வகுப்பறையில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கப்படும்போது, ஒரு வங்கியின் சலுகை விளம்பரத்தையும் கரும்பலகையில் எழுதி, கட்டணம் எவ்வளவு, காலம் எவ்வளவு, மாதம் கட்டவேண்டியது எவ்வளவு என்று மாணவரைக் கணக்கிடச் செய்யலாம். அக்கணக்கின் விடைக்குக் கீழே ஒரு வினாவும் சேர்க்கப்படுமாயின் நன்று: இத்தொகையை மாதந்தோறும் கட்டுவதற்கு இவர் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? விடை, வாரம் ஒரு திரைப்படமாக இருக்கலாம்; உணவகச் சாப்பாடாக இருக்கலாம். வட்டியைக் குறைக்கும் வழியை வங்கி காட்டும். விட்டுக்கொடுக்க வேண்டியதை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தாக வேண்டும்; கடன் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் தொடங்குமிடம் அதுவே.